படலையில் வைரசை மறிக்க விற்றமின் சி காணுமோ? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை மழையோடு தடிமனும் காய்ச்சலும் வந்துவிடும். பின்னாலேயே டெங்கு. அந்த மாதங்களில் மருந்துக்கடை வாசலிலும், கோயில் வீதியிலும், உறவினர் வட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றி வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை எழுதிப் பதில் தந்திருக்கிறோம். முதல் பதிலை வாசிக்காமல் தாண்டிப் போகவேண்டாம். மற்றவை அதன் மேல்தான் நிற்கின்றன.

வைரசு உடம்புக்குள்ள வாறது வேற, கலத்துக்குள்ள போறது வேறயோ?

வேறுதான். வைரசு தானாகப் பெருகாது. மூக்கிலோ தொண்டையிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் வரை அது வெறும் துணிக்கை. ஒரு கலத்துக்குள் நுழைந்து, அந்தக் கலத்தின் உபகரணங்களைக் கொண்டு தன்னைப் பிரதி எடுக்கத் தொடங்கும்போதுதான் நோய் ஆரம்பிக்கிறது.

கலத்தை ஒரு வளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மென்சவ்வு அதன் வேலி. வேலியில் கலம் தன் சொந்தத் தேவைக்காக வைத்திருக்கும் வாங்கிகள்தான் படலையின் கொளுக்கிகள். வைரசு தனக்குப் பொருந்தும் கொளுக்கியைப் பிடிக்கிறது. கொரோனாவுக்கு அது ஏசிஇ2 என்ற புரதம். தடிமன் தரும் ரைனோ வைரசுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஐகாம்-1. இன்புளுவன்சாவுக்குக் கலத்தின் மேலுள்ள சயலிக் அமிலம் என்ற சர்க்கரை. ஒரு வைரசை மறிக்கும் பொருள் இன்னொன்றுக்கு உதவாமல் போவதற்கு இதுவே முதல் காரணம்.

கொளுக்கியைப் பிடித்தபின் இரண்டு வழிகள் உண்டு. கொரோனாவின் முட்புரதத்தை டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதியம் வேலியிலேயே வெட்டிவிட்டால், வைரசு அந்த இடத்திலேயே மென்சவ்வோடு கலந்து உள்ளே போய்விடும். இதைப் படலை வழி என்போம். மற்றது, கலம் அதைப் பொருள் மூட்டை என நினைத்துச் சிறு பையொன்றில் சுற்றி உள்ளே இழுப்பது. பைக்குள் அமிலம் கூடியதும் வைரசு உடைத்துக்கொண்டு வெளியேறும். இது சாக்கு வழி. கொரோனாவுக்கு இரண்டும் முடியும். இன்புளுவன்சாவும் டெங்குவும் சாக்கு வழியால் வருபவை.

விற்றமின் சி அந்தக் கொளுக்கியை இல்லாமல் செய்யுமாம், உண்மையோ?

ஆய்வுகூடத்தில் அப்படியொரு விளைவு தெரிந்திருக்கிறது. 2023இல் வெளியான ஆய்வொன்று, விற்றமின் சி கலத்திலுள்ள ஏசிஇ2 புரதத்தை விரைவாகச் சிதைய வைக்கிறது என்று கலங்களிலும் எலிகளிலும் காட்டியது. டிஎம்பிஆர்எஸ்எஸ்2 நொதியத்தின் வேலையை மந்தப்படுத்துகிறது என்று காட்டிய பரிசோதனைகளும் உண்டு. ஆகவே வட்ஸ்அப்பில் வரும் செய்தி முழுப் பொய் அல்ல. அதில் விடுபட்டுப்போவது அளவு.

கணக்கைப் பாருங்கள். நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் குருதித் திரவவிழையத்தில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 12 முதல் 14 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கும். ஆய்வுகூடத் தட்டில் கலங்களின் மேல் ஊற்றும் கரைசல் பல வேளைகளில் 10 மில்லிமோல் செறிவுவரை போகும். அது லீற்றருக்கு 1,760 மில்லிகிராம். நூறு மடங்குக்கும் மேல். ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுவிட்டுக் கடல்நீரின் குணத்தை அதில் எதிர்பார்க்க முடியாது.

அப்ப குளிசையைக் கூட்டிப் போட்டால் அந்த அளவுக்கு ஏறாதோ?

ஏறாது. குடல் ஒரு தடை, சிறுநீரகம் இன்னொரு தடை. 200 மில்லிகிராம் வரை உட்கொண்டால் கிட்டத்தட்ட முழுவதும் உறிஞ்சப்படும். ஒரே தடவையில் 1,000 மில்லிகிராமைத் தாண்டினால் பாதிக்கும் குறைவாகவே உள்ளே போகும். மிச்சம் குடலில் நின்று தண்ணீரை இழுத்து வயிற்றோட்டம் தரும். உள்ளே போனதிலும் மிகையானதைச் சிறுநீரகம் சில மணித்தியாலங்களில் வெளியே தள்ளிவிடும். நாள் முழுக்க, தாங்கக்கூடிய உச்ச அளவைப் பல தடவையாக விழுங்கினாலும் குருதியில் லீற்றருக்கு 40 மில்லிகிராம் அளவோடு நின்றுவிடும் என்பதே கணிப்பு.

நாளத்தின் வழியாக நேரே குருதியில் ஏற்றினால் மட்டுமே ஆய்வுகூட அளவை நெருங்கலாம். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2022இல் வெளியான லொவிற் பரிசோதனையில், குருதி நஞ்சாதலோடு தீவிர சிகிச்சையிலிருந்த 872 பேரில் ஒரு பகுதியினருக்கு விற்றமின் சி ஏற்றப்பட்டது. மரணமோ நீடித்த உறுப்புச் செயலிழப்போ நேர்ந்தவர்கள் அந்தப் பக்கத்தில் 44.5 வீதம், வெற்று மருந்து பெற்ற பக்கத்தில் 38.5 வீதம். நன்மை இல்லை என்பது மட்டுமல்ல, பாதகமாகவே முடிந்தது. கொரோனாவில் வைத்தியசாலையில் இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்ததிலும் 2023இல் பயன் தெரியவில்லை. வீட்டிலிருந்த கொரோனா நோயாளர் 214 பேரைக் கொண்ட 2021 பரிசோதனையில் நாளொன்றுக்கு 8,000 மில்லிகிராம் வாயால் கொடுக்கப்பட்டது. அறிகுறிகள் குறையும் வேகத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

பிறகேன் எல்லாரும் தடிமனுக்கு விற்றமின் சி எண்டு சொல்லினம்?

1970இல் லைனஸ் போலிங் எழுதிய புத்தகம் இந்த நம்பிக்கையை உலகம் முழுக்கப் பரப்பியது. 1954இல் இரசாயனத்துக்கும் 1962இல் சமாதானத்துக்கும் நோபல் பரிசு பெற்றவர் சொன்னால் யார்தான் கேட்கமாட்டார்கள்? அதன்பின் நடந்த பரிசோதனைகளைக் கொக்ரேன் மீளாய்வு 2013இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. 29 ஒப்பீடுகள், 11,306 பேர். தினமும் விற்றமின் சி எடுத்த பொதுமக்களுக்குத் தடிமன் வருவது குறையவில்லை. வந்த தடிமன் பெரியவர்களில் 8 வீதமும் பிள்ளைகளில் 14 வீதமும் சுருங்கியது. ஏழு நாள் தடிமன் பெரியவர் ஒருவருக்கு அரை நாள் முந்தி முடியும், அவ்வளவுதான்.

மாரத்தன் ஓடியவர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்த படையினர் என 598 பேரில் மட்டும் தடிமன் வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியானது. கடும் உடலுழைப்பின் நெருக்கடியில் இருப்பவர்களுக்கு அது பொருந்தலாம். தடிமன் தொடங்கியபின் ஓடிப்போய்க் குளிசை வாங்குவதால் நிலையான பலன் எதுவும் தெரியவில்லை. நம்மில் பெரும்பாலானோர் செய்வது அதைத்தான்.

கலத்துக்குள்ள போறதை மறிக்காட்டில், விற்றமின் சியால என்னதான் பிரயோசனம்?

நிறைய. வேலியை வேலியாக வைத்திருக்க அது வேண்டும். தோல், ஈறு, மூக்கின் உட்புறம், குருதிக்குழாய்ச் சுவர் எல்லாவற்றையும் கட்டி நிறுத்தும் கொலாஜன் புரதம் அது இல்லாமல் முறுக்கேறாது. கிருமிகளை விழுங்கும் வெண்குருதிக் கலங்கள் குருதியில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவில் விற்றமின் சியைத் தமக்குள் சேர்த்து வைத்திருக்கின்றன. குறைபாடு உள்ளவருக்கு அதை ஈடுசெய்தால் பலன் கண்முன்னே தெரியும். குறைபாடு இல்லாதவருக்கு மேலும் ஊற்றுவதால் அதே பலன் இரட்டிப்பதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல்தான் விளம்பரங்கள் பிழைக்கின்றன.

ஒரு நாளைக்கு ஒரு தேசிக்காய்த் தண்ணி குடிச்சால் காணும் தானே?

காணாது. தேசிக்காய்ச் சாற்றில் 100 மில்லிலீற்றருக்கு 30 மில்லிகிராம் அளவே உண்டு. ஒரு காயில் 30 மில்லிலீற்றர் சாறு வந்தால் கிடைப்பது 9 அல்லது 10 மில்லிகிராம். கடுமையான விற்றமின் சிக் குறைபாட்டால் வரும் ஸ்கேவி நோயைத் தடுக்க அது போதும். ஆணுக்கு 90, பெண்ணுக்கு 75, கர்ப்பிணிக்கு 85, பாலூட்டும் தாய்க்கு 120 மில்லிகிராம் என்ற நாளாந்தத் தேவைக்குப் போதாது. புகைபிடிப்பவருக்கு இன்னும் 35 கூட வேண்டும். புளிப்பு வேறு, விற்றமின் சி வேறு. தேசிக்காயின் புளிப்பு சிற்றிக் அமிலத்தால் வருவது.

வளவிலேயே இதைவிட நல்லவை நிற்கின்றன. கொய்யாப்பழம் 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல். ஒரு நடுத்தரப் பழம் அன்றைய தேவையை முடித்துவிடும். மரமுந்திரிகைப் பழமும் அதற்குச் சமானம், ஆனால் கொட்டையை எடுத்துவிட்டுப் பழத்தை எறிகிறோம். பப்பாப்பழத்தில் 100 கிராமுக்கு 60, தோடம்பழத்தில் 50 அளவு. பெருநெல்லியில் மிக அதிகம். அரைநெல்லியில் மிகக் குறைவு, பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். பச்சைமிளகாயில் 100 கிராமுக்கு 240 இருந்தாலும், சம்பலில் ஒருவர் பங்குக்கு வருவது ஒரு மிளகாய்தான். அது 12 மில்லிகிராம்.

முருங்கையிலை வறையில, பாவற்காய்க் கறியில அவிஞ்சு போகாதோ?

ஒரு பகுதி போகும். சூட்டைவிடப் பெரிய கள்ளன் தண்ணீர். விற்றமின் சி நீரில் கரைவதால், இலையை நிறையத் தண்ணீரில் அவித்து வடித்தால் பாதிக்கு மேல் வடிதண்ணீரோடு ஓடிவிடும். வறை நல்ல முறை: தண்ணீர் தெளிப்பது மட்டும், தேங்காய்ப்பூ போட்டு, மூடி, சில நிமிடம். நறுக்கியபின் கழுவாமல், கழுவியபின் நறுக்குங்கள். இலையின் பச்சை நிறம் மாறாமலிருக்க அப்பச்சோடா போடும் பழக்கத்தை விடுங்கள்; காரம் விற்றமின் சியை விரைவாக அழிக்கும். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரமும் அப்படியே, செம்பு அதன் ஒட்சியேற்றத்தைத் தூண்டும்.

தேசிப்புளியை எப்போதும் அடுப்பால் இறக்கியபின் விடுங்கள். கீரையிலுள்ள இரும்பு உடம்பில் சேருவதற்கு அந்தப் புளி பெரிய உதவி. குருதிச்சோகை உள்ள பெண்களுக்கு இது விற்றமின் சிக் குளிசையைவிட முதலில் சொல்லவேண்டிய விடயம். வெயிலில் காயவைத்த தேசிக்காய் ஊறுகாயிலும் மோர்மிளகாயிலும் விற்றமின் சியை எதிர்பார்க்கவேண்டாம்.

மஞ்சள் பால் வைரசை மறிக்குமாமே?

மஞ்சளிலுள்ள குர்க்குமின் ஆய்வுகூடத்தில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மறிக்கிறது. அதுவே சந்தேகப்படவேண்டிய அறிகுறி. அது பல புரதங்களில் கண்டபடி ஒட்டும். சில பரிசோதனை முறைகளைத் தானே குழப்பிப் பொய்யான பலனைக் காட்டவும் கூடும். மஞ்சள் தூளில் குர்க்குமின் எடைக்கு 3 வீதம் அளவுதான். ஒரு தேக்கரண்டித் தூளில் 100 மில்லிகிராம் கூட வராது. அதிலும் மிகச் சிறிய பங்கே குருதியைச் சேரும். மிளகிலுள்ள பிப்பெரின் அதன் உறிஞ்சலை 20 மடங்காக்கியது என்ற 1998 ஆய்வு உண்மையானது. ஆனால் மிகச் சிறிய ஒன்றை 20 மடங்காக்கினாலும் அது சிறிதுதான்.

சமையலில் மஞ்சளும் மிளகும் தாராளமாகப் பாவியுங்கள். பிப்பெரின் சேர்த்த செறிவூட்டிய மஞ்சள் வில்லைகள் வேறு கதை. அவற்றால் ஈரல் பாதிக்கப்பட்ட சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. பச்சைத் தேயிலையின் ஈஜிசிஜி என்ற பொருளும் இதே வகை. தேநீராகக் குடிப்பதில் பயமில்லை. சாறு வில்லைகளாக நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் போனால் ஈரல் காட்டிக்கொடுக்கும்.

கொத்தமல்லி, மரமஞ்சள், அதிமதுரம் போட்டு அவிச்ச குடிநீர் பிள்ளையளுக்குக் குடுக்கலாமோ?

கொத்தமல்லித் தண்ணீர் இளஞ்சூட்டில் குடிக்க இதமாக இருக்கும், உடம்புக்கு நீர் சேரும். வைரசை மறிக்கும் என்று நம்பிக் கொடுக்கவேண்டியதில்லை, பயந்து நிறுத்தவேண்டியதும் இல்லை. ஒரு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கு அதில் தேன் விடக்கூடாது.

மரமஞ்சளில் பெர்பெரின் இருக்கிறது. அது உண்மையான மருந்துப்பொருள், ஆகவே உண்மையான பக்கவிளைவும் உண்டு. குருதியிலுள்ள சீனியைக் குறைக்கும், கிளிக்கிளசைட் போன்ற நீரிழிவுக் குளிசை போடுபவருக்குச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கலாம். புதிதாய்ப் பிறந்த குழந்தையின் மஞ்சட்காமாலையைக் கூட்டும் என்பதால் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் கைக்குழந்தைகளும் தவிர்க்கவேண்டும். அதிமதுரத்தின் கிளிசரைசின் சார்ஸ் வைரசை ஆய்வுகூடத்தில் தடுத்தது 2003இல் அறியப்பட்டதுதான், ஆனால் தொடர்ந்து குடித்தால் குருதியமுக்கம் ஏறும், பொற்றாசியம் இறங்கும். முறையான குடிநீர் வேண்டுமென்றால் யாழ்ப்பாணம் கைதடி சித்த போதனா வைத்தியசாலையில் கேட்டு, உங்கள் மற்றைய குளிசைகளின் பட்டியலையும் காட்டி வாங்குங்கள்.

2020 டிசம்பரில் கேகாலையில், கொரோனாவைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு மூலிகைப் பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றது நினைவிருக்கும். அதைப் பகிரங்கமாக அருந்திய அன்றைய சுகாதார அமைச்சருக்கே 2021 ஜனவரியில் கொரோனாத் தொற்று உறுதியானது. மூலிகைக்காகக் கூட்டத்தில் நிற்பதே தொற்றுக்கு வழி.

அப்ப இயற்கையில இருந்து வந்த ஒண்டும் வைரசைப் படலையில மறிக்காதோ?

மறிப்பவை உண்டு, இங்கேதான் விடயம் சுவையாகிறது. சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி. எதிர்மின் ஏற்றம் கொண்டது. வைரசின் மேல் வலைபோல் சுற்றி, கொளுக்கியைத் தொடவிடாமல் வைக்கும். இதில் குருதிக்குள் போகவேண்டிய தேவையே இல்லை. வைரசு இறங்கும் மூக்கிலேயே போதிய செறிவில் தெளிக்கலாம். விற்றமின் சிக் கணக்கில் இடித்த அளவுப் பிரச்சினை இங்கே இல்லாமல் போகிறது. ஆர்ஜென்ரீனாவில் 394 வைத்தியசாலை ஊழியர்களிடம் அயோட்டா கராஜீனன் மூக்குத் தெளிப்பு பரிசோதிக்கப்பட்டபோது, தெளித்தவர்களில் 1 வீதத்தினருக்கும் வெற்றுத் தெளிப்புப் பெற்றவர்களில் 5 வீதத்தினருக்கும் கொரோனா வந்தது. சிறிய பரிசோதனை, ஆனால் நேர்த்தியானது.

நம் வடக்குக் கரையில் வளர்க்கப்படும் கப்பாபைக்கஸ் பாசி தருவது கப்பா வகைக் கராஜீனன். தெளிப்பிலுள்ள அயோட்டா வகை வேறு பாசியிலிருந்து வருவது. பாசியைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் அது குடலுக்குப் போகுமே தவிர மூக்குக்குப் போகாது. வீட்டில் கரைத்து மூக்கில் விடுவது ஆபத்து.

தேசிப்புளியை மூக்கில விட்டால் வைரசு செத்துப்போகும் எண்டினம்...

செய்யவே வேண்டாம். தேசிச்சாறு மூக்கின் உட்படலத்தை எரிக்கும்; வைரசைச் சளியோடு கூட்டித் தள்ளும் நுண்மயிர்களை முடக்கும். வேலியைக் காக்கப் போய் வேலியையே கொளுத்துவது அது. கலத்துக்குள் ஏற்கனவே போய்விட்ட வைரசை அந்தப் புளி தொடவும் முடியாது. வேது பிடிப்பதால் மூக்கடைப்பு கொஞ்சம் இளகும், அதற்கு மேல் எதிர்பார்க்கவேண்டாம். கொதிதண்ணீர்ச் சட்டியைப் பிள்ளைகளின் மடியருகே வைக்கவேண்டாம்.

ஆய்வுகூடத்தில வேலை செய்தது மனுசரில ஏன் வேலை செய்யேல்ல?

அளவைப் பற்றி மேலே சொன்னோம். இரண்டாவது காரணம் எந்தக் கலத்தில் பார்த்தார்கள் என்பது. குளோரோகுயின் இதற்குச் சரியான பாடம். சிங்கோனாப் பட்டையின் குயினைனுக்கு உறவான மருந்து அது. வீரோ எனப்படும் குரங்குச் சிறுநீரகக் கலங்களில் கொரோனாவை நன்றாக மறித்தது, ஏனென்றால் அக்கலங்களில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 இல்லை என்று சொல்லுமளவு குறைவு. வைரசு சாக்கு வழியால்தான் போகவேண்டும். குளோரோகுயின் சாக்குக்குள் அமிலம் கூடவிடாமல் செய்கிறது.

மனித நுரையீரல் கலங்களில் படலை வழி திறந்திருக்கிறது. சாக்கை மறித்து என்ன பயன்? 2020இல் நுரையீரல் கலங்களில் பார்த்தபோது மறிப்பு இல்லை. அதே ஆண்டு பிரித்தானியாவின் ரிக்கவரி பரிசோதனையில் ஐதரொட்சிக்குளோரோகுயின் உயிர்களைக் காக்கவில்லை. இனி ஒரு செய்தி வந்தால் மூன்றைக் கேளுங்கள்: எந்தக் கலம், என்ன செறிவு, மனிதரில் ஒப்பீட்டுப் பரிசோதனை நடந்ததா. ஆய்வைச் செய்தவர் அதே பொருளை விற்பவரா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டெங்குக்குப் பப்பா இலைச் சாறு குடுக்கலாமோ, விற்றமின் சி குடுக்கலாமோ?

இரண்டும் டெங்கு வைரசு கலத்துக்குள் போவதை மறிக்கும் என்று மனிதரில் நிறுவப்படவில்லை. பப்பா இலை பற்றிய சிறு ஆய்வுகள் குருதிச் சிறுதட்டு எண்ணிக்கையைத்தான் பார்த்தன. டெங்குவில் உயிரை எடுப்பது பெரும்பாலும் சிறுதட்டு அல்ல, குருதிக்குழாயிலிருந்து திரவம் கசிவது. எண்ணிக்கை ஏறுகிறது என்று வீட்டில் வைத்திருந்து கசிவைத் தவறவிடுவதே ஆபத்து.

பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். இபுபுரோபன், டைக்குளோபினக், அஸ்பிரின் வேண்டாம். வெறும் தண்ணீரோடு நிற்காமல் ஜீவனி, கஞ்சி, இளநீர் கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்களைத் தவிருங்கள், வாந்தியில் குருதி வந்தால் தெரியாது. காய்ச்சல் மூன்றாம் நாளில் குருதிப் பரிசோதனை. தொடர் வாந்தி, வயிற்றுநோ, குருதிக்கசிவு, கை கால் குளிர்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை இருந்தால் உடனே வைத்தியசாலை. காய்ச்சல் இறங்கும் நேரமே கவனிக்கவேண்டிய நேரம்.

இரண்டாந்தரம் டெங்கு வந்தால் ஏன் மோசம்? எதிர்ப்புச் சக்தி இருக்கும் தானே?

நல்ல கேள்வி. வைரசை மறிப்பதில் மிகத் திறமையான பொருள் நம் உடம்பே செய்யும் பிறபொருளெதிரிதான். தடுப்பூசிகள் அதைத்தான் பழக்குகின்றன. ஆனால் டெங்குவில் நான்கு வகைகள் உண்டு. முதல் வகைக்கு உருவான பிறபொருளெதிரி இரண்டாவது வகையில் ஒட்டும், ஆனால் முழுமையாக மறிக்காது. பிறபொருளெதிரியின் வாலைப் பிடிக்கும் வாங்கிகள் வெண்குருதிக் கலங்களில் இருப்பதால், அரைகுறையாக ஒட்டிய வைரசு அதையே புதிய கொளுக்கியாக்கிக் கூடுதலாக உள்ளே போகிறது. ஆகவே முன்பு டெங்கு வந்தவர் மறுமுறை காய்ச்சல் என்றால் ஒரு நாளும் பிந்தவேண்டாம்.

ஆர் விற்றமின் சிக் குளிசையில கவனமா இருக்கவேணும்?

சிறுநீரகக் கல் வந்தவர்கள் முதலில். மேலதிக விற்றமின் சியில் ஒரு பங்கு, கல்லை உருவாக்கும் ஒட்சலேற்றாக மாறிச் சிறுநீரோடு வெளியேறுகிறது. வெயிலில் வேலை செய்து தண்ணீர் குறைவாகக் குடிக்கும் ஆண்களுக்கு இது சின்ன விடயமல்ல. நாட்பட்ட சிறுநீரக நோயாளர், டயலிசிஸ் செய்பவர், தலசீமியா போன்று உடம்பில் இரும்பு தேங்கும் நோயுள்ளவர், ஜி6பிடி என்ற நொதியத்தின் குறைபாடு உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடவேண்டாம். மற்ற வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் மேலெல்லை. அது எல்லை, இலக்கு அல்ல.

கட்டாயம் குளிசைதான் வேணுமெண்டால் எவ்வளவு, எப்பிடி?

பழமும் இலையும் சாப்பிட முடியாத முதியவருக்கு, பல் இல்லாதவருக்கு, நோயில் கிடப்பவருக்கு நாளுக்கு 100 மில்லிகிராம் தாராளம். 500 மில்லிகிராம் குளிசைதான் கையிலிருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி போதும். சப்பும் வகையென்றால் வாயில் ஊறவைக்காமல் சப்பி முடித்து, தண்ணீரால் கொப்பளியுங்கள். அமிலம் பல்லின் மிளிரியை அரிக்கும். கபில நிறமாக மாறிய குளிசை ஒட்சியேறியது, எறிந்துவிடுங்கள். கரையும் வகைக் குளிசையில் சோடியம் கூட; குருதியமுக்கம் உள்ளவருக்கு அது வேண்டாம்.